பித்தளைப் பெட்டி ஒன்றை இனங்காணல் – ஒரு பொருளாய்வுப் பாடம்

முன்னுரை

ஓலைச்சுவடி ஒன்று கையில் கிடைத்தால் தமிழ் பயின்றோர் என்ன செய்வர்? ஓலையின் நீள அகலங்களை அளப்பர். எழுத்தின் வடிவை நோக்குவர். இடையில் ஏடுகள் விடுபட்டுள்ளனவா எனப் பார்ப்பர். கிடைக்கும் பிற படிகளோடு ஒப்பிடுவர். இவ்வளவும் செய்த பின்னரே 'இது இன்ன நூல், இதன் பாடம் இது' என்று வாய்திறப்பர். பதிப்பாசிரியர்கள் நமக்குக் கற்பித்துச் சென்ற நெறி இதுவே.

ஆனால் வீட்டுப் பரணிலும் மரப்பெட்டகத்திலும் கிடக்கும் பழம்பொருள் ஒன்று கையில் கிடைத்தால் இந்நெறியை நாம் மறந்துவிடுகிறோம். பார்த்த மாத்திரத்தில் பெயர் சூட்டுகிறோம். கேட்ட கதையைச் சான்றாகக் கொள்கிறோம். பொருளும் ஒரு சுவடியே என்பதும், அதனையும் வரிவரியாகப் படித்தல் வேண்டும் என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை.

இக்கட்டுரை அவ்வாறு நம் கைக்கு வந்த பித்தளைப் பெட்டி ஒன்றைப் பற்றியது. அதனை நாம் முதலில் பிழையாக இனங்கண்டோம். அப்பிழையைப் பலர் முன்னிலையில் மொழியவும் செய்தோம். அப்பிழை எங்ஙனம் நேர்ந்தது, எங்ஙனம் திருத்தப்பட்டது என்பதை மாணவர்க்குப் பயன்படும் வகையில் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

பெட்டி வந்த வரலாறு

மாணவர்தம் இல்லங்களில் உள்ள பழம்பொருள்களைக் கொணரச் செய்து நம் துறையில் ஒருமுறை சிறு கண்காட்சி நடத்தினோம். எழுத்தாணி, படி, மரக்கால், சுண்ணாம்புக் கரண்டகம், மூக்குப்பொடி டப்பி, அரபுத்தமிழ்க் கையெழுத்து ஏடு எனப் பலவும் வந்தன. கடற்கரை ஊர் ஒன்றைச் சேர்ந்த முதலாண்டு மாணவர் ஒருவர் பச்சைப் பட்டுத் துணியில் சுற்றிய நீண்ட பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். ஏறத்தாழ ஒரு சாண் நீளம். மூன்று விரல் அகலம். இரு முனைகளும் வளைந்து உருண்டவை. மேல்மூடியில் சந்தனமும் சாம்பிராணிப் புகையும் அடை அடையாகப் படிந்திருந்தன. அவ்வடைக்கு நடுவே கட்டங்களும், கட்டங்களுக்குள் எண்களும் மட்டும் தெரிந்தன.

மாணவருடைய பாட்டனார் அப்பெட்டியை உயிரினும் மேலாகப் போற்றி வந்தார். கடலோடியாக இருந்த முன்னோர் ஒருவர் கொணர்ந்தது என்றும், உள்ளே ஒன்றுமில்லையாயினும் மூடியிலுள்ள எண்களுக்கு ஆற்றல் உண்டு என்றும் அவர் வீட்டில் சொல்லப்பட்டு வந்தது. முற்காலத்தில் பேறுகால வேதனையுற்ற பெண்களுக்கு அப்பெட்டியை நீரில் நனைத்து அந்நீரைக் கொடுப்பது வழக்கம் என்றும், பல்லாண்டுகளாக அவ்வழக்கம் நின்றுவிட்டது என்றும் மாணவர் கூறினார்.

கட்டத்தையும் எண்ணையும் கண்டவுடன் நமக்கு இமாம் கஸ்ஸாலி அவர்களின் நினைவு வந்தது. ஒன்று முதல் ஒன்பது வரையிலான எண்களை மூன்று வரிசையாக அமைத்து, எப்பக்கம் கூட்டினும் 15 வருமாறு செய்யும் கட்டத்தை அவர்கள் தம் தன்வரலாற்று நூலில் குறிப்பிட்டுள்ளார்கள். மகப்பேற்றை எளிதாக்கும் என்று கருதப்பட்ட கட்டம் அது. வீட்டாரின் கதையும் மகப்பேற்றைப் பற்றியது; பெட்டியில் இருப்பதும் எண் கட்டம். இரண்டும் பொருந்தக் கண்ட நாம், "இது பழைய தாயத்துப் பெட்டி, மூடியில் இருப்பது எண்சதுரம்" என்று கண்காட்சிக்கு வந்திருந்த ஊர்ப் பெரியோர் முன்னிலையில் விளக்கினோம். எண்கள் அரபு எண் வடிவில் இல்லாமல் இன்று நாம் வழங்கும் 1, 2, 3 என்னும் வடிவில் இருந்தன. அதற்கும் நாம் ஒரு காரணம் கண்டுபிடித்தோம்: "பிற்காலத்தில் தாம் அறிந்த எண்ணில் வெட்டியிருப்பர்" என்றோம். அவையினர் தலையசைத்தனர். பேச்சு நன்றாக அமைந்தது என்ற நிறைவோடு வீடு திரும்பினோம்.

ஒரு மாணவரின் கூட்டல்

மூன்று திங்கள் கழித்து அம்மாணவர் நம் அறைக்கு வந்தார். கையில் ஒரு தாள். "ஐயா, கட்டத்திலுள்ள எண்களைக் கூட்டிப் பார்த்தேன். ஒத்து வரவில்லை" என்றார்.

உண்மையைச் சொல்வதாயின், நமக்கு முதலில் சினமே வந்தது. முதலாண்டு மாணவர் ஒருவர் ஆசிரியரின் கருத்தைக் கூட்டல் கணக்கால் மறுப்பதா என்ற எண்ணம் மனத்தில் எழாமல் இல்லை. எனினும் தாளை வாங்கிப் பார்த்தோம். முதல் வரியில் 1, 8, 15, 22, 29, கூட்டுத்தொகை 75. இரண்டாம் வரியில் 2, 9, 16, 23, 30, கூட்டுத்தொகை 80. மூன்றாம் வரியில் 3, 10, 17, 24, 31, கூட்டுத்தொகை 85. நான்காம் வரியில் நான்கே எண்கள்; கூட்டுத்தொகை 58. எண்சதுரம் என்றால் எல்லா வரிகளும் ஒரே தொகையைத் தர வேண்டும். இஃது எண்சதுரம் அன்று என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

"இதை ஏன் கூட்டினீர்?" என்று வினவினோம். அவர் தயங்கித் தயங்கிச் சொன்ன விடை நம்மைத் திடுக்கிடச் செய்தது. "நீங்கள் சொன்ன பிறகு, ஐயா, மறுபடியும் தண்ணீர் கேட்டு வருகிறார்கள். கல்லூரி வாத்தியாரே சொல்லிவிட்டார் என்கிறார்கள். போன வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். மூடியின் ஓரத்தில் பச்சையாகக் களிம்பு இருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது."

செம்பிலும் பித்தளையிலும் பூக்கும் பச்சைக் களிம்பு நஞ்சு என்பதை நம் பாட்டியர் அறிவர். அதனாலன்றோ ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைக்க மாட்டார்கள்! அப்பெண்ணுக்குத் தீங்கொன்றும் நேரவில்லை. அதற்காக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினோம். ஆனால் அன்றிரவு நமக்கு உறக்கமில்லை. நின்றுபோயிருந்த ஒரு வழக்கத்தை, கூட்டிப் பாராமல் நாம் சொன்ன ஒரு சொல் உயிர்ப்பித்துவிட்டது. ஆய்வுப் பிழை ஏட்டோடு நிற்பதில்லை. பிறர் வீட்டு அடுப்படி வரை செல்கிறது என்பதை அன்று உணர்ந்தோம்.

உலோகமும் வடிவமும்

மறுநாளே பெட்டியை மீண்டும் வரவழைத்தோம். இம்முறை எக்கதையையும் மனத்தில் கொள்ளாமல், முதல் ஏட்டிலிருந்து தொடங்கினோம்.

முதலாவது, உலோகம். பெட்டியின் மேலும் கீழும் மஞ்சள் நிறப் பித்தளைத் தகடுகள். பக்கச் சுவர் சிவந்த செம்புத் தகடு. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த கலவை. உப்புக்காற்றில் இரும்பு துருப்பிடித்து உதிரும். பித்தளையும் செம்பும் மேலே கறுத்துப் பச்சை பூக்குமேயன்றி எளிதில் அழியா. கடலில் உழல்வோர்க்கு ஏற்ற உலோகம் என்பது இதனால் புலனாகிறது.

இரண்டாவது, வடிவம். நம் நாட்டு வெற்றிலைப் பெட்டி அகன்று, உள்ளே பாக்குக்கும் சுண்ணாம்புக்கும் அறைகள் கொண்டிருக்கும். கரண்டகம் உருண்டையாகவோ சிமிழ் போன்றோ இருக்கும். மூக்குப்பொடி டப்பி உள்ளங்கையில் அடங்கும். தாயத்துக் கூடு கயிறு கோக்க வளையம் பெற்றிருக்கும். இப்பெட்டியிலோ அறையும் இல்லை, வளையமும் இல்லை. நீண்ட பக்கத்தில் கீல் அமைந்து மூடி முழுதும் திறக்கிறது. சட்டைப் பையில் செருகுதற்கேற்ற தட்டையான நீள்வடிவம். இவ்வடிவம் நம் நாட்டுப் பெட்டி எதனோடும் ஒவ்வவில்லை.

நூலகத்தில் கிடைத்த ஐரோப்பிய அருங்காட்சியகப் பட்டியல்களைப் புரட்டியபோது இதே வடிவம் கண்ணில் பட்டது. 18ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் பயன்படுத்திய புகையிலைப் பெட்டி அது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற புகையிலை அங்குப் பெருவழக்காயிற்று. ஹாலந்தின் கௌடா நகரம் களிமண் புகைக்குழாய்களுக்குப் பேர் பெற்றது. நறுக்கிய புகையிலை ஈரப்பதம் கெடாமல் இருக்க, இறுக மூடும் பெட்டி வேண்டும். செல்வர் வெள்ளியில் செய்துகொண்டனர். மற்றையோர் பித்தளையிலும் செம்பிலும் செய்துகொண்டனர். போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கும் புகையிலை வந்ததும், அக்பர் அரசவைக்கு அதனைப் பிஜப்பூரிலிருந்து அசத் பேக் கொணர்ந்ததும், 1617இல் ஜஹாங்கீர் அதனைத் தடை செய்ததும் வரலாறு. புகையிலையைப் போற்றுவது நம் நோக்கமன்று. அதன் பெட்டியைப் படிப்பதே நம் நோக்கம்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இதே நீள்வடிவப் பெட்டிகள் ஜெர்மன் நாட்டு வெஸ்ட்ஃபாலியாவிலுள்ள இசர்லோன் நகரிலும் செய்யப்பட்டன. கீசே, கெப்பல்மான் முதலியோர் அங்குப் புகழ்பெற்ற கைவினைஞர்கள். அவர்தம் பெட்டிகளில் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக்கின் உருவமும், 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின் காட்சிகளும் அச்சில் அழுத்தப்பட்டுப் புடைத்து நிற்கும். நம் பெட்டியிலோ கோடுகள் உளியால் வெட்டப்பட்டவை, புடைப்பில்லை, போர்க்காட்சியும் இல்லை. ஆகவே வடிவ ஒற்றுமை ஒன்றை மட்டும் கொண்டு முடிவு செய்யாமல், வேலைப்பாட்டின் முறையையும் நோக்குதல் வேண்டும்.

மேல்மூடி கூறுவது

பாட்டனாரின் இசைவு பெற்று, உலர்ந்த மென்துணியால் மூடியின் மேலிருந்த அடையை மெல்ல மெல்ல நீக்கினோம். கட்டத்தின் இரு பக்கங்களிலும் இரண்டு மனிதத் தலைகள் வெளிப்பட்டன. ஒன்றன் அருகே 45 என்றும், மற்றதன் அருகே 1582 என்றும் எண்கள் இருந்தன. இவ்விரண்டு எண்களும் பூட்டைத் திறக்கும் சாவிகளாக அமைந்தன.

உரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் நாள்காட்டியைச் சீர்திருத்தி நடைமுறைப்படுத்தியது கி.மு. 45இல். ஆண்டுக்கு 365 நாள். நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் மிகை என்பது அவர் வகுத்த முறை. இதன்படி ஓராண்டின் சராசரி 365 நாள் 6 மணி. கதிரவனை ஒட்டிய மெய்யான ஆண்டோ இதனினும் ஏறத்தாழ 11 நிமிடம் குறைவானது. 11 நிமிடம் சிறிதுதான். ஆயினும் 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். 16ஆம் நூற்றாண்டில் இப்பிழை பத்து நாளாக வளர்ந்திருந்தது. போப் பதின்மூன்றாம் கிரிகோரி 1582இல் இதனைத் திருத்தினார். அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாள் வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை என அறிவிக்கப்பட்டது. நூற்றாண்டு நிறைவு ஆண்டுகளில் 400ஆல் வகுபடுவன மட்டுமே மிகைநாள் பெறும் என்பதும் விதியாயிற்று. அதனாலேயே 1900ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 28 நாள். 2000ஆம் ஆண்டு பிப்ரவரிக்கு 29 நாள்.

எனவே பெட்டியிலுள்ள தலைகள் சீசரும் கிரிகோரியும் ஆவர். இருவரும் நாள்காட்டியால் இணைந்தவர்கள். அவர்களுக்கு இடையே உள்ள கட்டம் நாள்காட்டியன்றி வேறென்னவாக இருக்கும்? 1, 8, 15, 22, 29 ஆகிய தேதிகள் ஒரே கிழமையில் வரும். அதனால்தான் அவை ஒரே வரியில் நின்றன. ஆண்டு மாறினும் மாறாது பயன்படும் நிலைநாள்காட்டி இது.

பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உரிய இருவரையும் ஒரே மூடியில் வெட்டியது ஏன் என்னும் வினா எழலாம். ஐரோப்பிய நாடுகள் அனைத்தும் ஒரே நாளில் புதிய முறைக்கு மாறவில்லை. ஹாலந்து மாநிலம் உடனடியாக மாறியது. இங்கிலாந்து 1752இலும், சுவீடன் 1753இலுமே மாறின. ஆம்ஸ்டர்டாமில் ஒரு தேதியில் புறப்பட்ட மாலுமி, இலண்டன் துறையில் இறங்கியபோது நாள்காட்டி பத்து அல்லது பதினொரு நாள் பின்தங்கியிருக்கக் கண்டான். இரு கணக்கும் அறிந்திராவிடில் சரக்குச் சீட்டும் கூலிக் கணக்கும் குழம்பும். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டித் தாளில் ஹிஜ்ரி, ஆங்கிலம், தமிழ் என மூன்று தேதிகள் அச்சிடப்பட்டிருப்பதை நாள்தோறும் காணும் நமக்கு இத்தேவை விளங்காமற் போகாது.

அடிப்புறம் கூறுவது

பெட்டியைத் திருப்பினோம். அடிப்புறத்திலும் எண் வரிசைகள். இவை நாள்களல்ல, கப்பலின் வேகத்தைக் கணிக்கும் வாய்பாடு.

கரை தெரியாத கடலில் கப்பல் என்ன வேகத்தில் செல்கிறது என்பதை எங்ஙனம் அறிவது? டச்சு மாலுமிகள் எளிய வழி ஒன்றைக் கையாண்டனர். கப்பலின் பக்கவாட்டில் முன்னும் பின்னுமாக இரண்டு குறிகள் இடுவர். முன்பக்கத்தில் ஒருவன் மரத்துண்டு ஒன்றைக் கடலில் எறிவான். அது முதற்குறியைத் தாண்டியதும் எண்ணத் தொடங்கி, இரண்டாம் குறியைத் தாண்டியதும் நிறுத்துவர். குறிகளுக்கு இடையிலுள்ள தொலைவு முன்பே தெரியும். காலம் இப்போது தெரிந்துவிட்டது. வேகத்தை வாய்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

இன்றைய அளவில் ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். குறிகளின் இடைவெளி 15 மீட்டர் என்க. மரத்துண்டு அதனைக் கடக்க 10 வினாடி ஆயிற்று என்க. வினாடிக்கு ஒன்றரை மீட்டர். மணிக்கு 5,400 மீட்டர். ஒரு கடல்மைல் 1,852 மீட்டர் ஆதலின், கப்பல் மணிக்கு ஏறத்தாழ மூன்று கடல்மைல் செல்கிறது. ஆடும் தளத்தில், காற்று வீசும் இருளில், வகுத்தல் கணக்குப் போட மாலுமிக்கு ஓய்வேது? ஆகவே விடைகளை முன்னரே கணித்துப் பெட்டியில் வெட்டி வைத்தனர்.

இது விளையாட்டன்று. கதிரவனையும் விண்மீனையும் கொண்டு வடக்கு தெற்காக எங்குள்ளோம் என்பதை அறிந்துவிடலாம். கிழக்கு மேற்காக எவ்வளவு வந்துள்ளோம் என்பதை அறிய நம்பத்தக்க கடற்கடிகாரம் அக்காலத்தில் இல்லை. ஆங்கிலேயர் ஜான் ஹாரிசன் செய்த நம்பத்தக்க கடிகாரம் கடலில் சோதிக்கப்பட்டதே 1761இல்தான். அதுவரை வேகம், திசை, சென்ற காலம் ஆகிய மூன்றையும் கொண்டு மதிப்பிடுவதே வழி. வேகத்தைத் தவறாகக் கணித்த கப்பல் இரவில் பாறையில் மோதும். புகையிலைக்காக ஒரு நாளில் பலமுறை கைக்கு வரும் பெட்டியிலேயே வேக வாய்பாட்டையும் வைத்தவர் மாலுமியின் வாழ்வை நன்கறிந்தவர் என்பதில் ஐயமில்லை.

எழுத்துச் சான்று

இத்தகைய பெட்டிகளோடு தொடர்புடைய பெயர் பீட்டர் ஹோல்ம் என்பதாகும். சுவீடனில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய இவர், 18ஆம் நூற்றாண்டில் அங்கு மாலுமிகளுக்குக் கடற்பயணக் கணிதம் கற்பிக்கும் பள்ளி நடத்தினார். அப்பள்ளியின் பெயரே அவர் பெட்டிகளில் பொறிக்கப்பட்ட வாசகமும் ஆயிற்று. நம் பெட்டியின் விளிம்பில் தேய்ந்திருந்த எழுத்துகளை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தபோது அவ்வாசகமே கிடைத்தது: 'ரெஹ்ட் டோர் ஸே'. 'கடலூடே நேராக' என்பது அதன் சொற்பொருள். டச்சு மொழியில் அதற்கு வழக்குப்பொருள் ஒன்றும் உண்டு. ஒளிவுமறைவின்றி நேர்மையாக நடப்பவரை அத்தொடரால் குறிப்பர்.

உலோகம், வடிவம், வேலைப்பாடு, உருவங்கள், எண்கள், எழுத்து ஆகிய ஆறும் ஒன்றையே சுட்டின. இது 18ஆம் நூற்றாண்டு டச்சு மாலுமியின் புகையிலைப் பெட்டி.

ஆனால் இது நம் கடற்கரைக்கு வந்தது எப்படி? டச்சுக்காரர் 1658 முதல் 1781 வரை நாகப்பட்டினத்தைத் தம் கையில் வைத்திருந்தனர். 1796 வரை இலங்கைக் கரையை ஆண்டனர். அவர்தம் கப்பல்கள் வந்துபோன துறைகளில் நம் முன்னோர் வாணிகம் செய்தனர், மரக்கலம் செலுத்தினர். ஆகவே இப்பெட்டி கைமாறியிருப்பதற்கு வாய்ப்புண்டு என்பது வரை சொல்லலாம். இன்ன முன்னோர் இன்ன கப்பலில் இன்னாரிடம் பெற்றார் என்று பெட்டியின் எப்பக்கத்திலும் எழுதப்படவில்லை. பெட்டி சொல்லாததை நாம் சொல்வதற்கு உரிமையில்லை. முதற்பிழையிலிருந்து நாம் கற்ற பாடம் அது.

பெரியவர் முன்னிலையில்

உண்மை தெரிந்துவிட்டது, அதனை உரியவரிடம் சொல்வதே கடினமாக இருந்தது. எழுபதாண்டுகளுக்கு மேலாக ஒருவர் நெஞ்சில் வைத்துப் போற்றிய பொருளைப் 'புகையிலை டப்பா' என்று எந்த வாயால் கூறுவது? கடிதம் எழுதிவிடலாமா என்றும் எண்ணினோம். ஆயினும் அவையில் கூறிய பிழையைக் கடிதத்தில் திருத்துவது முறையன்று எனத் தெளிந்து, மாணவரோடு அவ்வூருக்குச் சென்றோம். ஜும்ஆத் தொழுகைக்குப் பின் வீட்டுத் திண்ணையில் உறவினரும் அண்டை வீட்டாரும் கூடியிருந்தனர்.

முதலில் நம் பிழையைச் சொன்னோம். "நாங்கள் கூட்டிப் பார்க்கவில்லை. உங்கள் பேரன் கூட்டிப் பார்த்தார்" என்றோம். பின்னர் நாள்காட்டியையும் வேக வாய்பாட்டையும் ஒவ்வொன்றாகக் காட்டினோம். களிம்பின் தீங்கையும் எடுத்துரைத்து, இனி அந்நீரை எவருக்கும் தரலாகாது என வேண்டிக்கொண்டோம்.

பெரியவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மூடியைத் திறந்து திறந்து மூடினார். பின்னர், "அப்போ இதை வெச்சிருந்தவரும் கடலுக்குப் போனவர்தானா, தம்பி?" என்று வினவினார். "ஆம், கடலோடியின் பெட்டிதான். அது மட்டும் உறுதி" என்றோம். அடிப்புறத்து எழுத்தின் பொருளைக் கேட்டறிந்தார். மீண்டும் அமைதி.

"இத்தனை நாளும் இதுக்குச் சாம்பிராணி போட்டேன், இனி வேண்டாம். தண்ணியும் கேட்டு வர வேண்டாம்னு நானே சொல்லிடுறேன். இது இனி அவன்கிட்ட இருக்கட்டும். அவன்தானே கூட்டிப் பார்த்தான்!" என்று சொல்லி, பெட்டியைப் பேரனின் கையில் கொடுத்தார். பச்சைப் பட்டுத் துணியை மட்டும் மடித்துத் தம்மிடம் வைத்துக்கொண்டார்.

மாணவர் கருத்தில் கொள்ளத்தக்கவை

இவ்வாய்விலிருந்து நாம் பெற்ற நெறிகளை மாணவர் பொருட்டுத் தொகுத்துரைக்கின்றோம்.

1. வீட்டுக் கதையைக் கேட்டு எழுதிக்கொள்க. ஆனால் அதனைத் தனித்தாளில் வைத்திடுக. பொருளைப் பார்க்கும்போது அக்கதை கண்ணை மறைக்கலாகாது.

2. நீளம், அகலம், உயரம், எடை ஆகியவற்றை அளந்து குறித்திடுக. மூடி, அடி, பக்கம், உட்புறம் என எல்லாப் பக்கங்களையும் படமெடுத்திடுக.

3. துலக்காதீர். புளியும் சாம்பலும் சாணைப்பொடியும் கொண்டு தேய்த்தால் பெட்டி பளபளக்கும், எழுத்து அழியும். உலர்ந்த மென்துணி போதும். அதற்கு மேல் வேண்டுமாயின் அருங்காட்சியக வேதியியலாரை நாடுக.

4. எண்களைக் கண்டால் கூட்டிப் பார்த்திடுக. எழுத்தைக் கண்டால் எழுத்தெழுத்தாகப் படித்திடுக. ஊகம் இவற்றிற்குப் பின்னரே வர வேண்டும்.

5. நம் கருத்துக்கு ஒவ்வாத கூறு ஒன்று தென்பட்டால் அதற்குச் சமாதானம் தேடாதீர். எண் வடிவம் அரபு முறையில் இல்லாதபோதே நாம் நின்று சிந்தித்திருக்க வேண்டும். ஒவ்வாத ஒரு கூறே உண்மைக்கு வழிகாட்டும்.

6. போலிகளும் உண்டு. கை பட்ட இடத்தில் தேய்வும், கைபடாத மூலையில் கூர்மையும் இருப்பது இயல்பு. எல்லா இடமும் ஒன்றுபோல் தேய்ந்திருந்தாலும், உளிக்கோடு கூர்மையின்றி வார்ப்பில் மழுங்கியிருந்தாலும் ஐயுறுக.

7. தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் கூறாதீர். கூறிய பிழையை, கூறிய அவையிலேயே திருத்திடுக.

முடிவுரை

அப்பெட்டி இன்று அம்மாணவரிடம் உள்ளது. அதன் அளவுகளும் படங்களும் விளக்கமும் நம் துறையின் பதிவேட்டில் இடம்பெற்றுள்ளன. முதலில் நாம் எழுதிய பிழையான குறிப்பையும் அழிக்கவில்லை. அதன்மேல் ஒரு கோடு மட்டும் இட்டு, அடியில் திருத்தத்தையும், திருத்தக் காரணமாக இருந்தவர் முதலாண்டு மாணவர் என்பதையும் எழுதி வைத்துள்ளோம். பின்வரும் மாணவர் இரண்டையும் படித்தல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.

நம் சமுதாய இல்லங்களில் இன்னும் எத்தனையோ பெட்டிகளும் சிமிழ்களும் ஏடுகளும் உறங்குகின்றன. பெரியோர்கள் அவற்றை எடைக்குப் போடாமலும், விளக்கிப் பளபளப்பாக்காமலும் இளையோர் கையில் கொடுத்துப் படிக்கச் செய்வார்களாக. இளையோர் அவற்றைப் பணிவோடு வாங்கி, அஞ்சாமல் கூட்டிப் பார்ப்பார்களாக. கூட்டிய தொகை ஆசிரியர் சொன்னதோடு ஒவ்வாவிடில், அத்தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியரின் அறைக்கு வருவார்களாக. கதவு திறந்தே இருக்கும்.